இளையோரில் உடற்பருமனும் இரண்டாம் வகை நீரிழிவும்

இரண்டாம் வகை நீரிழிவு நடுவயதினரின் நோய் என்ற எண்ணம், பருமனான சிறுவர்களிடமும் அது காணப்பட்டபோது தகர்ந்தது. வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் சேரும் கொழுப்பு, திசுக்கள் இன்சுலினுக்கு இணங்காதபடி செய்கிறது. பருவமடையும் காலத்தில் கூடும் வளர்ச்சி ஹார்மோன் அந்த எதிர்ப்பை மேலும் வளர்க்கிறது. ஈடுகட்டக் கூடுதலாக உழைக்கும், இன்சுலின் சுரக்கும் கணையத்தின் பீட்டா செல்கள் தளர்ந்ததும் சர்க்கரை ஏறுகிறது. பருமனான பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதில்லையே என்பது நியாயமான மறுப்புதான். அந்தச் செல்களின் தாங்குதிறன் எல்லோருக்கும் ஒன்றல்ல. மரபுக்கும் கருவறைச் சூழலுக்கும் அதில் பங்குண்டு. அரிசோனாவின் பீமா மக்களிடையே நடந்த நெடுங்கால ஆய்வில், கருவுற்ற காலத்தில் நீரிழிவு இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது. ஆகவே பிள்ளையின் சோம்பலே காரணம் என்று பழிப்பது அறிவியலும் அன்று, அறமும் அன்று. ஆனாலும் நம்மால் மாற்றக்கூடிய காரணங்களில் பருமனே முதன்மையானது.

பிள்ளை வளர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்ற வாதம் அந்தப் பழிப்பைவிட ஆபத்தானது. அமெரிக்காவின் ‘டுடே’ ஆய்வில் 10 முதல் 17 வயதுவரையான 699 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். 2012இல் வெளியான முடிவின்படி, மெட்ஃபார்மின் மருந்தை மட்டும் உட்கொண்டோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் நிற்கவில்லை. ஆய்வில் சேர்ந்தோரைத் தொடர்ந்து கவனித்ததில், சராசரி வயது 26ஐ எட்டியபோது சுமார் 60 சதவீதத்தினருக்குச் சிறுநீரகம், கண், நரம்பு ஆகியவற்றில் ஒன்றிலேனும் பாதிப்பு ஏற்பட்டிருந்தது.