இடக்கரடக்கலா, குழூஉக்குறியா?

2024 மார்ச் இறுதியில் ஜப்பானின் டிஎல்சைட் என்னும் இணையக் கடை தன் பட்டியலில் இருந்த சில சொற்களை மாற்றியது. வயதுவந்தோருக்கான விளையாட்டுகளையும் சித்திரக்கதைகளையும் 1996 முதல் விற்றுவரும் கடை அது. அங்கே விற்போரில் மிகப் பலர் ஓரிருவராகக் கூடி வீட்டிலிருந்தபடியே படைப்பவர்கள். வாங்குவோர் தேடுவதற்காக வைத்திருந்த குறிச்சொற்களுள் ‘அடிமை’ என்றிருந்தது ‘ஏவலாள்’ ஆயிற்று. ‘சிறைவைத்தல்’ என்பது ‘உள்ளே பூட்டிவைத்தல்’ ஆயிற்று. ‘சித்திரவதை’க்குப் பதிலாக, குறும்பு செய்த குழந்தையிடம் தாய் சொல்லும் மென்மையான ‘தண்டனை’ வந்து அமர்ந்தது. படைப்புகளுக்குள் ஓர் எழுத்தும் மாறவில்லை. பெயர்ப்பலகை மட்டுமே மாறியது. கடன் அட்டை நிறுவனங்களின் தரப்பிலிருந்து வந்த அழுத்தமே காரணம். அந்த மாற்றமும் பயன்படவில்லை. ஏப்ரல் தொடக்கத்திலேயே விசா, மாஸ்டர்கார்டு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் ஆகிய மூன்று அட்டைகளும் அக்கடையில் செல்லாமற் போயின.

நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பிரிப்பார். மேற்கண்ட சொல்மாற்றம் முதற்பார்வைக்கு இடக்கரடக்கல் போலத் தோன்றும். ஆனால் இடக்கரடக்கலில் பேசுவோரும் கேட்போரும் நாணுகின்றனர். இங்கே விற்பவரும் நாணவில்லை, வாங்குபவரும் நாணவில்லை. இருவருக்கும் பொருள் தெளிவாகத் தெரியும். இடையில் நிற்கும் மூன்றாமவர் கண்ணில் படாதிருக்கவே சொல் மாறியது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்று சொன்னதும் அதற்காகத்தானே? ஆகவே இதனைக் குழூஉக்குறி என்பதே பொருந்தும். அந்த மூன்றாமவர் யார், அவர் இவ்விடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதே இப்பதிவின் பொருள்.

1981இல் அவர் இல்லை. அமெரிக்காவில் சக் பென்டன் என்பவர் ஆப்பிள் 2 கணினிக்காக ‘சாஃப்ட்போர்ன் அட்வென்சர்’ என்ற விளையாட்டைத் தனியொருவராக எழுதினார். அதில் படமே கிடையாது, அனைத்தும் எழுத்து. பிற்காலத்தில் சியரா என்று புகழ்பெற்ற ஆன்லைன் சிஸ்டம்ஸ் நிறுவனம் அதனை வெளியிட்டது. அட்டைப்படத்தில் வெந்நீர்த் தொட்டிக்குள் மூன்று பெண்கள் அமர்ந்திருப்பார்கள். அவர்களுள் ஒருவர் அந்நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரும் ‘மிஸ்டரி ஹவுஸ்’ விளையாட்டின் ஆசிரியருமான ராபர்ட்டா வில்லியம்ஸ். தொட்டியும் அவர் வீட்டுத் தொட்டிதான். அந்தப் படம் ‘டைம்’ இதழ் வரை சென்றது. விளையாட்டு ஏறத்தாழ 25,000 படிகள் விற்றதாகச் சொல்லப்படுகிறது. நெகிழ்வட்டை ஒன்றைப் படியெடுத்து உறையிலிட்டுக் கடைக்கு அனுப்ப எவரிடமும் ஒப்புதல் பெறவேண்டியிருக்கவில்லை.

இந்தச் சுதந்திரத்தைப் பொற்காலமாக எழுதிவிடக் கூடாது. அடுத்த ஆண்டே மிஸ்டிக் என்ற நிறுவனம் அட்டாரி 2600க்காக ‘கஸ்டர்ஸ் ரிவெஞ்ச்’ என்றொரு விளையாட்டைக் கொண்டுவந்தது. கட்டிவைக்கப்பட்ட பழங்குடிப் பெண்ணை வன்கொடுமை செய்வதே அதில் வெற்றி. பெண்ணிய அமைப்புகளும் அமெரிக்கப் பழங்குடியினரின் அமைப்புகளும் தெருவில் இறங்கிப் போராடின. போராடியது முற்றிலும் நியாயம். அட்டாரியின் உரிமம் பெறாமலே அதனை விற்க முடிந்ததற்குக் காரணம், நம்மூரில் ‘கேசட்’ என்றழைத்த அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு அட்டாரி கருவியில் பூட்டு எதுவும் இல்லாமையே.

பூட்டு 1985இல் வந்தது. அமெரிக்கச் சந்தைக்கு நின்டெண்டோ கொண்டுவந்த கருவியில் சரிபார்க்கும் சில்லு ஒன்று இருந்தது. தன் ஒப்புதல் பெறாத கார்ட்ரிட்ஜை அது ஓடவிடாது. 1983இன் சந்தைச் சரிவுக்குப் பின்னர் தரமற்ற சரக்கைத் தடுப்பதே அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. பாலியல் அதன் முதன்மைக் கவலை அன்று. ஆயினும் எதனைச் செய்யலாம் என்பதோடு எதனை விற்கலாம் என்பதையும் கருவியின் உரிமையாளரே தீர்மானிக்கும் வழக்கம் அங்கேதான் வேரூன்றியது. 1994இல் அமெரிக்காவின் தரச்சான்று வாரியம் வந்தபோது ‘வயதுவந்தோருக்கு மட்டும்’ என்ற வகை ஒன்றும் வகுக்கப்பட்டது. ஆனால் பெருங்கடைகள் அவ்வகையை அடுக்கவில்லை. கருவி நிறுவனங்கள் அதற்கு இடந்தரவில்லை. சட்டம் தடைசெய்யாத ஒன்று சந்தையில் இல்லாமற் போயிற்று.

ஜப்பானின் கதை வேறு. அங்கே சட்டமே நேரில் வந்தது. 1991இல் கியோத்தோவில் பள்ளி மாணவன் ஒருவன் ‘சாவோரி’ என்ற விளையாட்டைக் கடையிலிருந்து திருடிச் சிக்கினான். விசாரணை விளையாட்டின் பக்கம் திரும்பி, அதனை வெளியிட்ட நிறுவனத்தின் தலைவர் கைதானார். 1992இல் துறையினர் தமக்கென நெறிமுறை அமைப்பொன்றை நிறுவிக்கொண்டனர். கண்டிப்பான ஏற்பாடுதான், எனினும் எல்லை எங்கே என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லைக்குள் கோமிக்கெட் போன்ற திருவிழாச் சந்தைகளில் மேசை போட்டு விற்கும் சிறு குழுக்கள் தழைத்தன. 2000 டிசம்பரில் டைப்-மூன் என்ற நண்பர் குழு ‘த்சுகிஹிமே’யை விற்றது அப்படியொரு மேசையில்தான். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ‘ஃபேட்’ தொடரின் வேர் அது.

மேற்கில் சிறு படைப்பாளிகளுக்கு அத்தகைய மேசை கிடைக்க நெடுநாளாயிற்று. 2004இல் வெளிவந்த ரென்பை என்னும் இலவச மென்பொருள் கதை விளையாட்டுகளை எளிதாக்கியது. 2013இல் இட்ச் என்ற இணையக் கடையும் பேட்ரியான் என்ற மாதக் கொடைத் தளமும் வந்தன. விளையாட்டை ஓராண்டு எழுதி முடித்து விற்பதற்கு மாறாக, மாதம் ஒரு பகுதியாக வெளியிட்டு வாசகர் தரும் பணத்தில் அடுத்த பகுதியை எழுதும் முறை பரவியது. நம் வார இதழ்களின் தொடர்கதை மரபை அறிந்தவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றாது. கதாநாயகியைக் கொன்றுவிடாதீர்கள் என்ற வாசகர் கடிதங்களும் அங்கே உண்டு. 2017 இலையுதிர்காலத்தில் பேட்ரியான் தன் விதிகளை இறுக்கியபோதுதான், இந்த வருமானம் எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்பதைப் பலர் உணர்ந்தனர்.

2018 ஜூனில் ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம், சட்டவிரோதமானவையும் வெறும் வம்புக்குச் செய்தவையும் தவிர அனைத்தையும் அனுமதிப்பதாக அறிவித்தது. ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தவற்றுள் பெரும்பாலானவை குப்பை என்பதே என் கருத்து. இருந்தாலும் ராபர்ட் யாங்கை நினைத்துப் பாருங்கள். தற்பால் ஆண்களின் வாழ்வைப் பற்றிச் சிறு விளையாட்டுகள் செய்பவர். ட்விட்ச் தளம் அவருடைய படைப்புகளைத் தடைசெய்தது. 1962இல் ஓஹியோவின் மான்ஸ்ஃபீல்டு நகரக் காவலர்கள் பொதுக் கழிப்பறைக் கண்ணாடிக்குப் பின்னே ஒளிந்து படமெடுத்து ஆண்களைச் சிறைக்கு அனுப்பிய உண்மை நிகழ்வை வைத்து, 2017இல் அவர் ‘தி டீரூம்’ செய்தார். அதில் ஆணுறுப்பு இருக்கவேண்டிய இடத்தில் துப்பாக்கியை வைத்தார். துப்பாக்கியை இத்துறையில் யாரும் தடைசெய்வதில்லை அல்லவா!

2025 ஏப்ரலில் வன்புணர்ச்சியை இலக்காக வைத்த ‘நோ மெர்சி’ என்ற விளையாட்டு ஸ்டீமிலிருந்து நீக்கப்பட்டது. அதற்காகக் குரலெழுப்பிய ஆஸ்திரேலிய அமைப்பான கலெக்டிவ் ஷவுட், அடுத்ததாக அட்டை நிறுவனங்களுக்கும் பணப்பரிவர்த்தனை நிறுவனங்களுக்கும் திறந்த மடல் எழுதியது. 1982இல் தெருவில் நின்றவர்களின் சினத்தையே இவர்களிடமும் காண்கிறேன்; அதனை இகழ எனக்கு மனமில்லை. ஆனால் மடல் போய்ச் சேர்ந்த முகவரி வேறு. ஜூலையில் ஸ்டீம், பணப்பரிவர்த்தனை நிறுவனங்களின் விதிகளை மீறக்கூடியவற்றுக்கு இடமில்லை என்ற புதிய விதியைச் சேர்த்துப் பல விளையாட்டுகளை நீக்கியது. 24ஆம் நாள் இட்ச் தன்னிடமிருந்த வயதுவந்தோர் படைப்புகள் அனைத்தையும், நல்லது கெட்டது பாராமல், தேடலிலிருந்து மறைத்தது.

ஆகஸ்ட் தொடக்கத்தில் மாஸ்டர்கார்டு, தான் எந்த விளையாட்டையும் மதிப்பிடவில்லை, எந்தத் தடையையும் கோரவில்லை என்றது. மாஸ்டர்கார்டு தம்மிடம் நேரில் பேசவே இல்லை என்றது வால்வ். இடைநிலை நிறுவனங்களும் வங்கிகளும்தாம் பேசின, அவை சுட்டியதோ தன் பெயருக்கு ஊறுசெய்யும் பரிவர்த்தனைகளைத் தடுக்கும் மாஸ்டர்கார்டின் விதியை. யாரிடம் மேல்முறையீடு செய்வது?

இந்தியாவில் இத்துறை சட்டத்தோடு நேரடியாக மோதும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவின்படி, வெளிப்படையான பாலியல் பொருளை மின்னணு வழியில் வெளியிடுவோருக்கு முதல் குற்றத்திற்கே ஐந்தாண்டு வரை சிறையும் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கொடிய பிரிவுதான். ஆயினும் கலை, இலக்கியம், அறிவியல் ஆகியவற்றின் நலனுக்கானவற்றுக்கு அச்சட்டத்தில் விதிவிலக்கு எழுதப்பட்டிருக்கிறது. அதனை எடுத்துரைக்க ஒரு நீதிமன்றமும் இருக்கிறது.

ஜூலை இறுதியில் இட்ச் ஒரு பகுதியை மீண்டும் தேடலுக்குள் கொண்டுவந்தது. அவை இலவசமாகக் கொடுக்கப்பட்டவை மட்டுமே. விலை குறித்தவை காத்திருந்தன.