உளியும் கரண்ட்டும்: மாமல்லபுரத்துக் கல் ஏற்றுமதி பற்றி ஒரு குறிப்பு

மின்சாரமும் ஏற்றுமதியும்னு பேச்செடுத்தால் எல்லாரும் திருப்பூரைத்தான் சொல்வார்கள். 2012 மின்வெட்டில் பனியன் கம்பெனிகள் டீசல் ஜெனரேட்டரை ஓட்டித்தான் ஆர்டரை முடித்தன. அந்த டீசல் காசை வெளிநாட்டுக்காரர் தரமாட்டார். எனக்கென்னவோ மாமல்லபுரம் இன்னும் சுவாரசியமாகப் படுகிறது. கரண்ட் இல்லாவிட்டாலும் இங்கே வேலை நடக்கும், அதுதான் காரணம்.

பல்லவர் துறைமுகம், திருமங்கையாழ்வாரின் கடல்மல்லை என்று பழம்பெருமை நிறைய உண்டு. ஆனால் இன்றைய சிற்பப் பட்டறைகளின் கதை பெரும்பாலும் 1957-க்குப் பிறகுதான். அந்த வருஷம் அரசு இங்கே சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கியது. தலைமை வைத்தியநாத ஸ்தபதி. அதே 1957 ஜூலையில் மின்வாரியமும் பிறந்தது. தற்செயல்தான். ஆனாலும் பின்னாளில் ரெண்டும் ஒரே பட்டறையில் சந்தித்துக்கொண்டன.

கருங்கல்லில் நாளைத் தின்பது நகாசு வேலை மட்டுமல்ல, வேண்டாத கல்லைக் கழிப்பதும்தான். கட்டிங் மெஷின் வந்ததும் அந்தப் பகுதி சுருங்கிவிட்டது (தூசி கூடியது, அது தனிக்கதை). முகமும் விரலும் இன்றும் உளிக்குத்தான். மலேசியா, சிங்கப்பூர், அமெரிக்கக் கோயில்களுக்குச் சிலை அனுப்புகிறவருக்கு இந்த வேகம் முக்கியம். கும்பாபிஷேகத்துக்கு முகூர்த்தம் குறித்தாச்சு; மின்வெட்டு என்று சொல்லி அதைத் தள்ளிப்போட முடியுமா? கப்பலைப் பிடித்தே ஆகணும்.

கரண்ட் போச்சுன்னா சிற்பி பட்டினி கிடப்பதில்லை, உளியை எடுத்துக்கொள்வார். ஆனால் மெஷின் கணக்கில் விலையும் தேதியும் பேசியாயிற்று. கை வேலைக்கு அந்த விலை கட்டாது. ஜெனரேட்டர் வைத்திருப்பவர் ஆர்டரைப் பிடிப்பார், இல்லாதவர் அவரிடமே கூலிக்குப் போவார். இது என் கணிப்பு.

தெற்கே சுமார் 15 கிலோமீட்டரில் கல்பாக்கம். 1984-லும் 1986-லும் வணிக உற்பத்திக்கு வந்த இரண்டு அணு உலைகள், தலா 220 மெகாவாட். உலை பக்கத்தில் இருப்பதால் ஊருக்குத் தனி உரிமை ஏதுமில்லை. மின்சாரம் தொகுப்புக்குப் போய் தென்மாநிலங்களுக்குள் பங்காகும். 2012-இல் சென்னைக்கு 2 மணி நேர வெட்டு, வெளி மாவட்டங்களுக்கு அதைவிடப் பல மடங்கு.

மெஷினே வேண்டாம் என்றவர்களும் உண்டு. ஹவாயில் கவாய் தீவு இறைவன் கோயிலை வடிவமைத்தவர் வைத்தியநாத ஸ்தபதியின் மகன் கணபதி ஸ்தபதி. மாமல்லபுரம் கல்லூரி முதல்வராக இருந்தவர். பெங்களூருக்குப் பக்கத்தில் பட்டறை போட்டு, 1990 முதல் கையாலேயே செதுக்கிக் கப்பலேற்றினார்கள். கும்பாபிஷேகம் 2023 மார்ச்சில். அந்த மடத்தால் 33 வருஷம் காத்திருக்க முடிந்தது. ஒரு சாதாரண கோயில் கமிட்டி அடுத்த தைக்கே கேட்கும்.