தாக்குதலும் தேய்வும்: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸை அளந்த வரலாறு

மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் என்ற கொழுப்புறையை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே தாக்கிச் சிதைப்பதால் உண்டாவது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் தண்டுவட மரப்பு நோய். பார்வை மங்குதல், கால் மரத்துப்போதல் போன்ற குறிகள் சில நாள்களில் முற்றி, வாரக்கணக்கில் நீடித்து, பெரும்பாலும் தணிந்துவிடுவதை மருத்துவர்கள் மறுதாக்குதல் என்பர். ஆண்டுகள் செல்லச் செல்ல மீளாதபடி சேர்ந்துவரும் இயலாமை இதனின்றும் வேறானது. முன்னதுதான் பின்னதை விளைவிக்கிறதா என்னும் கேள்விக்கு விடை தேடிய வரலாறு நீண்டது.

இந்நோயின் நெடும்போக்கை உள்ளிருந்து காட்டும் பழைய ஆவணம், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரரான அகஸ்டஸ் டெஸ்டேயின் நாட்குறிப்பு. 1822 டிசம்பரில், ஸ்காட்லாந்தில் தாம் பெரிதும் நேசித்த உறவினர் ஒருவரின் இறுதிச் சடங்கு முடிந்த சில நாள்களில், கடிதங்களைப் படிக்க இயலாத அளவுக்குத் தம் பார்வை மங்கியதையும், சிகிச்சை எதுவுமின்றியே அது திரும்பியதையும் அவர் எழுதிவைத்தார். 1827இல் ஃபிளாரன்ஸ் நகரில் பொருள்கள் இரண்டாகத் தெரிந்தன; பின்னர் கால்கள் வலுவிழந்தன; நாளுக்கு இருமுறை மாட்டிறைச்சியும் ஒயினும் உண்டு, கால்களிலும் முதுகிலும் தைலம் தேய்த்துக்கொண்டதால் வலிமை மீண்டதாக அவர் நம்பினார். தானாகவே தணியும் நோயில் எந்த மருந்தும் பலித்ததாகத் தோன்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஆயினும் தணிவுகள் நாளடைவில் குறைந்து, 1840களில் அவர் சக்கர நாற்காலியைச் சார்ந்திருக்க நேர்ந்தது. டக்ளஸ் ஃபெர்த் அந்நாட்குறிப்பை 1948இல் வெளியிட்டார்.

1868இல் பாரிஸின் சல்பெட்ரியேர் மருத்துவமனையில் இந்நோயைத் தனி நோயாக வரையறுத்த ழான் மார்த்தன் ஷார்கோவின் முன்னிலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிவிட்ட பெண்கள். ஆகவே நடுக்கம், தடைபடும் பேச்சு, கண்விழிகளின் துடிப்பு எனப் பெரிதும் முற்றிய நிலையின் அடையாளங்களே அவருடைய விளக்கத்தில் முதன்மை பெற்றன. நாட்குறிப்பு காட்டும் நீண்ட இடைக்காலம் அதில் மங்கலாகவே தெரிகிறது.

இயலாமைக்கு ஓர் அளவுகோல் 1955இல்தான் கிடைத்தது. காசநோய் மருந்தான ஐசோனியசிட் இந்நோய்க்குப் பயன்படுமா என ஆராய்ந்துகொண்டிருந்த அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜான் கர்ட்ஸ்கி, குறையேதும் இல்லாத நிலைக்குச் சுழியமும், நோயால் நேரும் மரணத்துக்குப் பத்தும் வழங்கும் ஓர் அளவீட்டை உருவாக்கி, 1983இல் அதை அரைப்புள்ளிகளாகப் பகுத்து விரித்தார். ஐசோனியசிட் பயன் தரவில்லை; அளவுகோல் மட்டும் நிலைத்தது. அதன்படி ஆறாம் புள்ளி என்பது ஏறத்தாழ நூறு மீட்டர் நடக்கவே கைத்தடி தேவைப்படும் நிலை; ஏழாம் புள்ளி சக்கர நாற்காலி.

இந்த அளவுகோலைக் கையிலெடுத்து நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த இரு நகரங்கள் கனடாவின் லண்டனும் பிரான்சின் லியோனும் ஆகும். கனடா மருத்துவர்கள் 1,099 பேரை ஆராய்ந்து 1989இல் வெளியிட்ட முடிவுகளின்படி, நோய் தொடங்கியதிலிருந்து கைத்தடி நிலையை எட்ட இடைநிலைக் காலமாக 15 ஆண்டுகள் ஆயின. முதல் ஈராண்டுகளில் மறுதாக்குதல் மிகுந்திருந்தவர்கள் விரைவாக அங்கு வந்து சேர்ந்தனர். 1993இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பீட்டா இன்டர்ஃபெரான் மறுதாக்குதல்களை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தபோது, எதிர்கால இயலாமையும் அதே அளவில் குறையும் என்ற நம்பிக்கை பரவியது இயல்பே.

2000இல் கிறிஸ்டியான் கோன்ஃபவ்ரோவும் அவருடைய லியோன் குழுவினரும் 1,844 நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு அந்த நம்பிக்கையைக் கேள்விக்கு உட்படுத்தினர். மறுதாக்குதலுடன் தொடங்கியவர்கள் நான்காம் புள்ளியை அடைய 11.4 ஆண்டுகள் ஆயின. ஆனால் நான்கிலிருந்து ஆறுக்குச் செல்ல அவர்களுக்கு 5.7 ஆண்டுகளும், தொடக்கம் முதலே இடைவிடாமல் நலிந்தவர்களுக்கு 5.4 ஆண்டுகளும் ஆயின. அதாவது ஓர் எல்லையைத் தாண்டியபின் மறுதாக்குதல்கள் வந்தாலும் வராவிட்டாலும் தேய்வின் வேகம் ஏறத்தாழ ஒன்றே. மயலின் மட்டுமன்றி நரம்பிழைகளும் அறுபடுகின்றன என்று புரூஸ் டிராப்பும் அவருடைய குழுவினரும் 1998இல் காட்டியிருந்தது இத்தேய்வுக்கு உடற்கூற்று அடிப்படை தந்தது. தொடக்க ஆண்டுகளின் தாக்குதல்கள் பின்விளைவைப் பாதிக்கின்றன என்ற கனடாவின் முடிவை இது பொய்ப்பிக்கவில்லை. கண்ணுக்குப் புலப்படும் தாக்குதலை எண்ணுவதால் மட்டும் நோயை அளந்துவிட முடியாது என்பதையே இரண்டும் சேர்ந்து உணர்த்துகின்றன.

மறுதாக்குதல் ஏதும் வராத காலத்திலும் இயலாமை கூடிவந்தது நோயாளிகளுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. ஆயினும் மருந்தாய்வுகள் எண்ணுவதற்கு எளிதானதையே முதலில் எண்ணின என்பது இவ்வரலாற்றின் வருந்தத்தக்க பகுதி. தொடக்கம் முதலே இடைவிடாமல் நலிவோருக்கென ஆக்ரெலிசுமாப் என்னும் முதல் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கர்ட்ஸ்கியின் அளவுகோலோ அதன் நடுப்பகுதியில் நடையை மட்டுமே பெரிதும் மதிப்பதால், சக்கர நாற்காலியில் இருப்பவரின் கைத்திறனில் நேரும் மாற்றங்களை எளிதில் பதிவு செய்வதில்லை. ஒன்பது துளைகள் கொண்ட சிறு பலகையில் ஒன்பது முளைகளை ஒவ்வொன்றாகச் செருகி எடுக்க ஆகும் நேரத்தைக் கணக்கிடும் எளிய சோதனை ஆய்வுகளில் இடம்பெற்ற பிறகே, சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொள்ளும் ஆற்றலும் காக்கப்பட வேண்டிய ஒன்றாக மருத்துவத்தின் கணக்கில் ஏறியது.