மொழியைப் பொதியாக்கியோர்

ஒரு நூலை இயற்றியவர் பெயரை உலகம் அறியும். அதனை அச்சுக் கோத்து, பிழை நீக்கி, தைத்து அட்டையிட்டு நம் கையில் சேர்ப்போர் பெயரைக் கேட்பார் இலர். கணிப்பொறி உலகிலும் அத்தகைய தொண்டர் உளர். மென்பொருளைப் பொதியாகக் கட்டுவோர் அவர்கள். பி.எச்.பி. என்னும் நிரல்மொழி லினக்ஸ் கணிப்பொறிகளை அடைந்த வரலாற்றின் வாயிலாக அவர்தம் பணியை இன்று காண்போம்.

லினக்ஸின் கருவை ஃபின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்டார். கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-இல் பி.எச்.பி.யைப் பொதுவில் வழங்கினார். வலைப்பக்கங்களைக் கேட்போர்க்கு அனுப்பும் அப்பாச்சி என்ற வழங்கியும் அதே ஆண்டில் தோன்றியது. மூன்றும் விலையின்றிக் கிடைத்தன. ஆயினும் கிடைப்பது வேறு. பயன்படுவது வேறு அன்றோ? மூலநிரலைப் பெற்றவர், அதனைத் தாமே இயந்திர மொழிக்கு மாற்றி, அப்பாச்சியுடன் பிணைக்க வேண்டியிருந்தது. துணை நூலகம் ஒன்று குறைந்தாலும் வேலை நடுவில் நின்றுவிடும். பிழை திருத்திய பதிப்பு வந்தால், மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இத்தொல்லையைத் தீர்க்க எழுந்ததே பொதி முறை. 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் ஒரு முறையை வகுத்தது. ரெட் ஹாட் நிறுவனம் 1995-இல் ஆர்.பி.எம். என்னும் முறையைக் கொணர்ந்தது. ஆயத்தமான கோப்புகளோடு, பொதியின் பெயர், பதிப்பு எண், அதற்குத் துணையாக வேண்டும் பிற பொதிகள் ஆகிய விவரங்களும் உள்ளே இருக்கும். 1999-இல் டெபியன் 2.1 பதிப்போடு வந்த ஆப்ட் என்னும் கருவி, துணைப் பொதிகளைத் தானே தேடிக் கொணர்ந்தது.

எவற்றை ஒன்றாகக் கட்டுவது, எவற்றைப் பிரித்து வைப்பது என்பதே கட்டுவோரின் பெரும் சிக்கல். அப்பாச்சிக்குள் அமரும் கூறு ஒரு பொதி. கட்டளை வரியில் இயங்குவது ஒரு பொதி. தரவுத்தளத்தோடு பேசும் கூறு மற்றொரு பொதி. இக்கூறுகள் மொழியின் உள்ளமைப்போடு இம்மியும் பிசகாது பொருந்தல் வேண்டும். இல்லையேல் வழங்கி நிலைகுலையும். ஆகவே உள்ளமைப்புக்கு ஒரு தேதியையே அடையாள எண்ணாக இட்டனர். பி.எச்.பி. 7.0-க்கு உரிய எண் 20151012. எண் ஒவ்வாத பொதியை நிறுவ முறைமை இடந்தராது.

2002-இல் அப்பாச்சி 2.0 வெளிவந்தது. ஒரே செயல்முறைக்குள் பல இழைகள் ஒருங்கே பணியாற்றும் வசதி அதில் இருந்தது. பி.எச்.பி. சார்ந்திருந்த நூலகங்கள் யாவும் அதற்கு ஏற்றவையாக இல்லை. எனவே பொதி கட்டுவோர், இழைகளற்ற பழைய முறையோடு மட்டுமே அக்கூறு சேருமாறு விதித்தனர். வேகத்தினும் நம்பகமே பெரிதென்று அவர்கள் கொண்டனர். ஆயினும் அதற்கு விலை உண்டு. வெறும் படத்தை அனுப்பும் செயல்முறையும் மொழி முழுவதையும் சுமந்து நின்றது. மேலும், ஒரு வழங்கியில் உள்ள பல தளங்களின் நிரல்கள் ஒரே பயனர் பெயரில் இயங்கின. ஒன்றின் பழுது மற்றவற்றின் கோப்புகளுக்கும் இடர் தரக்கூடும்.

2010-இல் பி.எச்.பி. 5.3.3 பதிப்பில் எஃப்.பி.எம். என்னும் தனிப் பணியாளர் முறை சேர்ந்தது. இதில் மொழி வழங்கிக்கு வெளியே தனித்து இயங்குகிறது; வழங்கி வேண்டுகோளை மட்டும் அனுப்புகிறது. தளம் ஒவ்வொன்றையும் தனிப் பயனராக இயக்கவும் இடமுண்டு. 2017-இல் ஃபெடோரா 27 இதனையே இயல்பு வழியாக ஏற்றது.

மாணவர்களே! பாதுகாப்புக் குறை ஒன்று வெளிப்படும் நாளில்தான் இப்பணியின் அருமை விளங்கும். ஓரிடத்தில் கட்டப்பட்ட திருத்தம், எண்ணற்ற கணிப்பொறிகளை அடைந்து அவற்றைக் காக்கிறது. புதியதைப் படைப்பது அறிவின் செயல். படைத்ததைப் பிறர் அஞ்சாது பயன்படுத்தச் செய்வது பொறுப்பின் செயல். இரண்டும் சேர்ந்தாலன்றிக் கல்வி நிறைவு பெறாது.