புல்வெளியும் போர்க்களமும்: வாகன் வில்லியம்ஸ் இசையின் ஊற்றுகள், 1903–1922

இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஆங்கில ஆர்க்கெஸ்ட்ரா இசையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் புல்வெளி, ஓடை, வானம்பாடி என்றே ஆரம்பிக்கிறார்கள். ரேஃப் வாகன் வில்லியம்ஸ் (1872–1958) இந்தப் பார்வைக்கு மற்றவர்களைவிட அதிகம் ஆளானவர். அவருடைய படைப்புகளைக் காலவரிசையில் வைத்துப் பார்த்தாலோ, இயற்கைக் காட்சியைவிட மனிதக் குரல்களே முன்னால் நிற்கின்றன.

அவர் மாணவராக இருந்த நாளில் இங்கிலாந்தின் இசைக் கல்விக்கு ஜெர்மனிதான் அளவுகோல். அவருடைய ஆசிரியர் ஸ்டான்ஃபோர்ட் லைப்சிக்கில் பயின்றவர். வாகன் வில்லியம்ஸும் 1897இல் பெர்லின் போய் மாக்ஸ் புரூக்கிடம் பாடம் கேட்டார். திருப்பம் நிகழ்ந்தது எசெக்ஸ் மாவட்டத்தின் இங்க்ரேவ் கிராமத்தில். 1903 டிசம்பர் 4 அன்று சார்லஸ் பாட்டிஃபர் என்ற முதிய தொழிலாளி ‘புஷஸ் அண்ட் பிரையர்ஸ்’ என்ற நாட்டுப்பாடலை அவருக்குப் பாடிக் காட்டினார். அதன் மெட்டு டோரியன் முறையில் அமைந்தது. சுரவரிசையை மட்டும் கொண்டு பார்த்தால் நம் கரகரப்பிரியா. மேஜர், மைனர் என்ற இரண்டுக்குள் அடங்காத இத்தகைய மெட்டுகளைத் தேடி அடுத்த பத்தாண்டுகளில் 800க்கும் மேற்பட்ட பாடல்களைச் சேகரித்தார்.

1905 ஜனவரியில் நார்ஃபோக்கின் கிங்ஸ் லின் துறைமுகத்தில் மீனவர்கள் பாடியவை 1906இல் ‘நார்ஃபோக் ராப்சடி’யாயின. அதில் வயோலா தனித்து இசைக்கும் மெட்டு, கப்பல் தலைவனின் கொடுமையால் செத்துப்போன சிறுவனைப் பற்றிய பாடலுக்கு உரியது. இதைக் கேட்டுவிட்டு மேய்ச்சல் நிலம் நினைவுக்கு வருகிறது என்பவர்களை என்ன சொல்வது!

இரண்டாம் ஊற்று ஒரு பழைய ஏடு. ‘இங்கிலீஷ் ஹிம்னல்’ (1906) என்ற வழிபாட்டுப் பாடல் தொகுப்புக்கு இசைப் பதிப்பாசிரியராக உழைத்தபோது, தாமஸ் டாலிஸ் 1567இல் வெளியான சங்கீதப் புத்தகத்துக்கு அமைத்த மெட்டு ஒன்றைக் கண்டெடுத்தார். அதை இரண்டு நரம்பிசைக் குழுக்களுக்கும் ஒரு நால்வர் குழுவுக்குமாக விரித்து, 1910 செப்டம்பர் 6 அன்று குளோஸ்டர் பேராலயத்தில் தாமே நடத்தினார். ஒரு குழு இசைக்க, மற்றொன்று தொலைவிலிருந்து மறுமொழி சொல்வதுபோன்ற அமைப்பு அந்தக் கல் மண்டபத்துக்கென்றே எழுதியதாகப் படுகிறது.

பிறகு போர் வந்தது. நாற்பத்திரண்டு வயதில் தாமாகவே இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்த அவர், 1916இல் பிரான்சின் எக்வாவ்ர் பகுதியில் ஆம்புலன்ஸ் பணியில் இருந்தார். அங்கே பூகிள் ஊதிப் பழகிய சிப்பாய் ஒருவர் எட்டாம் சுரத்தைப் பிடிக்க வேண்டிய இடத்தில் ஏழாவதில் நின்றுபோனார். அந்தப் பிசகு அவருடைய ‘பாஸ்டரல் (மேய்ச்சல் நில) சிம்பொனி’யின் இரண்டாம் பகுதியில் நீண்ட டிரம்பெட் தனியிசையாக வளர்ந்தது. வால்வைத் தொடாமல் இயல்பொலியாகவே ஊத வேண்டும் என்பது ஏற்பாடு. அதனால் ஏழாவது சுரம் பியானோ சுருதிக்குச் சற்றுத் தாழ்ந்து, வேண்டுமென்றே பிசகியதுபோல ஒலிக்கிறது.

1922 ஜனவரி 26 அன்று இந்தச் சிம்பொனி லண்டனில் அரங்கேறியபோது, தலைப்பை நம்பிப் பலரும் இதை ஆங்கிலக் கிராமத்துச் சித்திரமாகவே கேட்டார்கள். அது போர்க்கால இசை என்பதை 1938இல் எழுதிய ஒரு கடிதத்தில் வாகன் வில்லியம்ஸே தெளிவுபடுத்திவிட்டார். அதற்குப் பிறகும் இந்தச் சிம்பொனியைப் ‘புல்வெளி இசை’ என்று வகைப்படுத்துவது ஏற்கத்தக்கதல்ல.