கோழிக்கால் சண்டையும் தீவுக் கணக்கும்

அந்தமானில் 'மெயின்லேண்ட்' என்பது ஏறக்குறைய ஒரு வெளிநாடு. அரிசி, பருப்பு, வெங்காயம், சிமெண்ட் என்று எல்லாமே அங்கிருந்து வந்தாக வேண்டும். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் நடுவே (2024 செப்டம்பரிலிருந்து அரசாங்கப் பெயர் ஸ்ரீ விஜயபுரம், என் வாய்க்கு இன்னும் வரவில்லை) கிட்டத்தட்ட 1,190 கிலோமீட்டர் கடல். கப்பலில் மூன்று நாள் ஆகும்.

தாய்லாந்தின் புக்கெட் இதைவிட ரொம்பப் பக்கம். உலகத்துக்கே கோழிக்கறி விற்கும் நாடு அது. ஆனாலும் இங்கே நம் சட்டியில் வேகிற பிராய்லரின் குஞ்சும் சரி, அது தின்ற தீனியும் சரி, மெயின்லேண்டிலிருந்து வந்தவைதான். பக்கத்தில் இருப்பது வராமல் தூரத்தில் இருப்பது வருகிறதே, ஏன்? இதற்குப் பதில் தேடப் போனால் கால் நூற்றாண்டுச் சண்டை ஒன்றில் போய் நிற்போம். சண்டை எதற்காக என்றால், கோழிக்காலுக்காக!

1991-ல் தாராளமயம் வந்தது என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அன்றைக்கு இயந்திரத்துக்கும் மூலப்பொருளுக்கும்தான் கதவு திறந்தது. கறி, பால், பழம் போன்ற நுகர்பொருட்களுக்கு 'இவ்வளவுதான் வரலாம்' அல்லது 'வரவே கூடாது' என்ற அளவுக் கட்டுப்பாடு அப்படியே இருந்தது. அந்நியச் செலாவணி கையிருப்பு போதாது என்பது நம் வாதம். அமெரிக்கா 1997-ல் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. 1999-ல் மேல்முறையீட்டிலும் நாம் தோற்றோம். பிறகு 2000 ஏப்ரல் 1-ல் 714 பொருட்கள், 2001 ஏப்ரல் 1-ல் மீதி 715 பொருட்கள் என்று கட்டுப்பாடு நீக்கப்பட்டது. கடைசிப் பட்டியலை அறிவித்த வர்த்தக அமைச்சர் நம்ம முரசொலி மாறன். கூடவே முக்கியமான 300 பொருட்களின் இறக்குமதியைக் கண்காணிக்க ஒரு 'வார் ரூம்' என்றும் சொன்னார்.

அப்போது கோழிப்பண்ணைக்காரர்களைப் பிடித்த பயம், அமெரிக்கக் கோழிக்கால் வந்து குவிந்துவிடும் என்பது. பல்லடம், உடுமலைப் பக்கத்து உறவினர்கள் உள்ளவர்களுக்கு அது நினைவிருக்கும்.

அதென்ன, கால் மட்டும்? இங்கேதான் பி.காமில் படித்த காஸ்ட் அக்கவுண்டிங் உதவிக்கு வருகிறது. 'ஜாயிண்ட் ப்ராடக்ட்' என்று ஒரு பாடம் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஒரே செலவில் இரண்டு பொருள் கிடைத்தால் செலவை எப்படிப் பிரிப்பது என்ற பாடம். அமெரிக்கர்களுக்குக் கோழியில் மார்புக்கறிதான் உசத்தி. எலும்பு கூடாது, வெள்ளையாக இருக்க வேண்டும். காலும் தொடையும் அங்கே இரண்டாம்தரம். உதாரணத்துக்கு, ஒரு கோழிக்கு ஆன செலவு 100 ரூபாய் என்று வையுங்கள். மார்பை விற்றே 90 ரூபாய் வந்துவிட்டால், காலுக்குப் பத்து ரூபாய் கிடைத்தாலே கணக்கு நேர். அதற்கு மேல் வருவதெல்லாம் லாபம்.

நம் ஊரில் கதை நேர்தலைகீழ். மார்பு என்றால் 'சக்கை'. விருந்தில் லெக் பீஸ் யாருக்கு என்றுதான் பிள்ளைகளுக்குள் அடிதடி. ஆக அவர்கள் ஒதுக்குவது நமக்கு உசத்தி. பொருளாதார வாத்தியார்கள் இதைப் பார்த்தால், 'அவன் காலை அனுப்பட்டும், நீ மார்பை அனுப்பு, இரண்டு பேருக்கும் லாபம்' என்பார்கள். கரும்பலகையில் சரியாகத்தான் வரும். ஆனால் பல்லடத்தில் கடன் வாங்கிக் கொட்டகை போட்டவர் முழுக்கோழியின் செலவையும் முழுக்கோழி விலையில்தான் எடுத்தாக வேண்டும். பத்து ரூபாய்க் காலோடு அவர் போட்டி போடுவது தன்னைவிடத் திறமையான பண்ணையோடு அல்ல. இன்னொரு நாட்டின் நாக்கோடு!

அதனால் சுவர்கள் எழும்பின. வெட்டிய கோழித்துண்டுக்கு 100 சதவீதம் சுங்க வரி, முழுக்கோழிக்கு 30. இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள், அதில்தான் முழுக் கதையும் இருக்கிறது. அடுத்து, 1898-ம் வருஷத்துக் கால்நடை இறக்குமதிச் சட்டத்தை 2001-லேயே திருத்தி, கறிக்கும் சுகாதார அனுமதி வேண்டும் என்றார்கள். மூன்றாவது சுவர் பறவைக் காய்ச்சல். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் இந்தியாவின் முதல் பாதிப்பு வந்தது. அதற்கு அடுத்த வருஷம், பறவைக் காய்ச்சல் உள்ள நாடுகளிலிருந்து கோழி வரக்கூடாது என்று அறிவிக்கை போட்டார்கள். வீரியம் குறைந்த காய்ச்சல் என்றாலும் தடைதான்.

அமெரிக்கா 2012 மார்ச்சில் மறுபடி வழக்குக்குப் போனது. வழக்கு எண் 430. ஒரு மாநிலத்தில் நோய் வந்தால் நாடு முழுவதையும் தடுப்பது எந்த விஞ்ஞானம் என்று கேட்டார்கள். 2014 அக்டோபரில் தீர்ப்பு நமக்கு எதிராக வந்தது. 2015 ஜூனில் மேல்முறையீடும் போயிற்று. 2016-ல், வருஷத்துக்கு 450 மில்லியன் டாலர் அளவுக்குப் பதிலடி கொடுக்க அனுமதி கேட்டது அமெரிக்கா. அப்புறம் இழுபறிதான். கடைசியில் 2023 செப்டம்பரில், டெல்லி ஜி20 மாநாட்டுச் சமயத்தில், ராசியாகப் போய்விட்டார்கள். பதிலுக்கு எதற்கெல்லாம் வரி குறைந்தது தெரியுமா? உறைந்த வான்கோழி, உறைந்த வாத்து, புளூபெர்ரி, கிரான்பெர்ரி! கோழிக்காலுக்காக ஆரம்பித்த பஞ்சாயத்து வான்கோழியில் முடிந்தது :-)

சுவர் இல்லாத இடங்களில் என்ன ஆனது? சோவியத் யூனியன் தள்ளாடிய 1990-ல் அமெரிக்கக் கோழிக்கால் அங்கே போக ஆரம்பித்தது. சனங்கள் அதற்கு வைத்த பெயர் 'புஷ் கால்கள்'. பல வருஷங்கள் அதுதான் சாப்பாடு. பிற்பாடு ரஷ்யா சொந்தப் பண்ணைகளைக் கட்டிக்கொண்டு, 2014-ல் அமெரிக்க உணவுக்கே தடை போட்டது. கானாவின் கதை சோகம். 2003-ல் அந்நாட்டு நாடாளுமன்றம் கோழி வரியை 20-லிருந்து 40 சதவீதமாக்கியது. கொஞ்ச நாளிலேயே அந்த உயர்வைக் கைவிட வேண்டியதாகிவிட்டது. அங்கே இறக்குமதிக் கோழிதான் இன்றுவரை சந்தையை ஆள்கிறது.

'நம்ம ஆட்கள் ஐஸ் கறியைத் தொடமாட்டார்கள், வரியே வேண்டாம், நாக்கே காவல்' என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. கண் முன்னால் வெட்டி, தோல் உரித்து, குழம்புக்குத் தகுந்த துண்டு போட்டால்தான் நமக்குக் கறி. ஆஸ்திரேலியாவுடன் போட்ட ஒப்பந்தப்படி 2022 டிசம்பர் 29 முதல் அந்நாட்டு ஆட்டுக்கறிக்கு இருந்த 30 சதவீத வரி சுத்தமாகப் போய்விட்டது. அதனால் உங்கள் தெருமுனைக் கறிக்கடை பாய் கடையை மூடிவிட்டாரா? இல்லையே. ஞாயிற்றுக்கிழமை காலையில் வரிசை அப்படியேதான் நிற்கிறது.

மீதிப் பாதியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. வீட்டுக்கு வாங்குகிறவர் ருசி பார்த்து வாங்குகிறார். ஓட்டல்காரர் விலை பார்த்து வாங்குகிறார். சிக்கன் 65-ல் இருப்பது நேற்று வெட்டியதா, ஆறு மாதம் முன்பு உறைய வைத்ததா என்று மிளகாய்த்தூளுக்கு மேல் யார் கண்டுபிடிப்பது? பிரியாணிக் கடையும், பாக்கெட்டில் வரும் நக்கெட்ஸும் பெருகப் பெருக, நாக்கு என்கிற காவல்காரர் கொஞ்சம் கொஞ்சமாக வேலையை விட்டுப் போகிறார். வெளிநாட்டில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். முதல் வருஷம் 'ஃப்ரோசனா, சே' என்பார்கள். மூன்றாம் வருஷம் ஃப்ரீசர் நிறைந்திருக்கும்.

வரி இல்லாத போட்டி எப்படி இருக்கும் என்று பார்க்க கானா வரை போக வேண்டாம், இந்தத் தீவே போதும். மெயின்லேண்டுக்கும் இங்கேயுள்ள பண்ணைக்காரருக்கும் நடுவே எந்தச் சுங்கச்சாவடியும் இல்லை. இங்கே மக்காச்சோளம் பெரிதாக விளைவதில்லை. பிராய்லர் வளர்ப்பில் பெரிய செலவே தீனிதான். அந்தத் தீனி கப்பல் கூலி கட்டிக்கொண்டு வருகிறது. புயல் அடித்துக் கப்பல் நின்றால் தீனி மூட்டை விலை ஏறும். கோழி அதுவரை பட்டினி கிடக்குமா? தீவுக்காரருக்கு மிச்சம் இருக்கும் பாதுகாப்பு இரண்டு. உறைந்த கறி கொண்டுவர ஆகும் குளிர்பெட்டிச் செலவு ஒன்று, உயிர்க்கோழிதான் வேண்டும் என்கிற வாடிக்கையாளர் இன்னொன்று. வங்காளி, ராஞ்சிக்காரர், தெலுங்கர், நம்மவர், நிக்கோபாரி என்று ஊரே கலவை என்பதால் புரட்டாசியில் வியாபாரம் அடியோடு படுப்பதில்லை என்பதும் ஒரு சௌகரியம்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நிக்கோபாரிக் கோழி. குட்டைக்கால் இனம், அதன் உள்ளூர்ப் பெயருக்கே அதுதான் அர்த்தம். இந்திய நாட்டுக்கோழி இனங்களில் அதிக முட்டையிடும் இனங்களுள் ஒன்று. தோட்டத்தில் மேய்ந்து வளரும், கப்பல் தீனியை நம்பி உட்கார்ந்திருக்காது. 1978-ல் போர்ட் பிளேரில் தொடங்கிய மத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் இதைப் பாதுகாத்து, கலப்பினங்களையும் உருவாக்கியது. பிராய்லரைவிட நாட்டுக்கோழிக்கு விலை அதிகம் கொடுக்க ஆள் இருக்கிறது. ஆனால் வளர நாளாகும், ஆறு வாரத்தில் கைக்குக் காசு வராது.

கோழிக்கொட்டகைக் கடன் மனு மேஜைக்கு வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, தீனிக்கு என்ன விலை போட்டிருக்கிறீர்கள் என்பதுதான். பெரும்பாலும் சென்னை விலையைப் போட்டிருப்பார்கள். கப்பல் கூலியைச் சேர்த்து மறுபடி எழுதச் சொன்னால், லாபம் கிலோவுக்குச் சில ரூபாயில் வந்து நிற்கும். அந்தச் சில ரூபாயில்தான் கடன் தவணை, பிள்ளையின் காலேஜ் ஃபீஸ் எல்லாம். டெல்லியில் ஒரு வரியை நூறிலிருந்து முப்பதாக்குவது ஒரு கையெழுத்து வேலை. பல்லடத்துக்காரரின் மனுவிலும் அந்தச் சில ரூபாய்தான் இருக்கிறது.