மாளாத காவலர்

மாண்டவர் மீண்டு வந்து கணக்குக் கேட்பதில்லை. அந்தத் துணிச்சலிலே கரைந்த சொத்துகள் எத்தனை எத்தனை!

கும்பினிக் காலத்துத் துபாஷ் பச்சையப்பர், 1794-இல் மறையுமுன் அறப்பணிகளுக்கென உயில் எழுதினார். ஏடு இருந்தது, நிறைவேற்றும் நாணயம் இல்லை. சென்னை சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டு, அறங்காவலர் குழு அமைந்து, கோயில் கொடைகள் போக எஞ்சிய பணத்தில் கல்விக்கூடம் எழ 1842 ஆயிற்று. 48 ஆண்டுகள்!

தனி மனிதர் தளர்வார், சாவார். இதையுணர்ந்தே இங்கிலாந்து, 1906-இல் 'பொது அறங்காவலர்' பதவியைச் சட்டத்தால் படைத்தது. ஆள் மாறினும் பதவி மாளாது. வங்கிகளும் இப்பணியை ஏற்கின்றன.

நன்று! ஆனால் மாளாத அமைப்பும் தவறலாம். கட்டணம் எவ்வளவு, தணிக்கை செய்பவர் யார், தவறினால் நீக்கும் உரிமை எவருக்கு? மூன்றையும் உயிலிலேயே எழுதிவைப்போம் என்கிறோம் நாம். நம்பியவரையும் கேள்வி கேட்பதே பகுத்தறிவு!